கயிறு வேண்டாத துப்பாக்கி

தனுஷ்கோடியின் இடது கையில் மூன்று விரல்கள்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் 1983இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் போயின. ராஜபாளையத்தில் பஞ்சாலைகளுக்கு உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறையில் அவன் டர்னர். லேத்துக்கு விரலைக் கொடுத்தவர்கள் அந்த ஊரில் தெருவுக்கு இரண்டு பேராவது இருந்தார்கள், யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் தனுஷ்கோடியின் விரல்கள் லேத்தில் போகவில்லை. மீன் சுடும் துப்பாக்கியில் போயின. கடற்கரைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு மீன் துப்பாக்கி செய்தவனை ஊர் சும்மா விடுமா? பட்டறை முதலாளி சுப்புராஜ் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "ஏமிரா, மீன் உன்னையத் திருப்பிச் சுட்டுருச்சா?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன்கூடச் சிரித்தான்.

சிரித்தவர்களுக்குக் கிணறு தெரியாது. மலையடிவாரத்தில், ராஜபாளையம் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மகாராஜபுரம் வரைக்கும், பாறையை வெடிவைத்துப் பிளந்து இறக்கிய கிணறுகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. அறுபது அடி, எழுபது அடி. வெடி தின்ற இடமெல்லாம் பக்கவாட்டில் பொந்து. அந்தப் பொந்துகளில் பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் யார் கையிலும் சிக்காமல் கிடக்கும் விரால்களை வலை எடுக்காது, தூண்டிலும் எடுக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் மண்டையில் குத்தினால்தான் உண்டு. இதைத் தனுஷ்கோடிக்குக் காட்டிக் கொடுத்தவன் அவனுடைய மச்சான் சிவனாண்டி.

சிவனாண்டி, தனுஷ்கோடியின் அக்காள் வெள்ளத்தாயைக் கட்டியவன். மகாராஜபுரத்துக்காரன். பட்டாளத்தில் இருந்தான். அந்தமானில் ஒரு வருஷம் கிடந்தபோது, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி மீனைச் சுடுகிறவர்களைப் பார்த்திருக்கிறான். அதற்கப்புறம் அவன் பேச்சில் வேறு எதுவும் இல்லை. 1981இல் மேலதிகாரி ஒருவரைச் சாப்பாட்டுத் தட்டால் முகத்தில் அடித்துவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். எதற்கு அடித்தாய் என்று கேட்டவனையும் அடித்தான். கை முந்திக்கொள்ளும், பேச்சு பிந்திக்கொள்ளும், அப்படி ஒரு பிறவி. ஆனால் மச்சினன் பட்டறைக்கு வந்து, சிகரெட் அட்டையின் பின்பக்கம் அந்தத் துப்பாக்கியின் படத்தை வரைந்து காட்டியபோது, பண்டிகைக்குப் புதுச் சட்டை கேட்கும் பிள்ளை மாதிரி இருந்தான். தனுஷ்கோடிக்கு அவனை அன்றைக்குத்தான் பிடித்துப்போனது.

அடுத்த இரண்டு வருஷத்தில் மூன்று வகைத் துப்பாக்கிகளை இருவரும் செய்து பார்த்தார்கள்.

முதலாவது ரப்பர் துப்பாக்கி. கை நீளத்துக்குத் தேக்குக் கட்டை, அதன் மேல் ஒரு வாய்க்கால், வாய்க்காலில் ஸ்டெயின்லெஸ் கம்பி. கட்டையின் முன்பக்கத்தில் இரண்டு பட்டை ரப்பர். ரப்பரைப் பின்னால் இழுத்துக் கம்பியின் காடியில் மாட்டுவதற்கு நெஞ்சில் முட்டுக் கொடுத்து இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். விசையை இழுத்தால் கம்பி சத்தமில்லாமல் பாயும். தண்ணீருக்குள் எட்டடியில் விராலின் மண்டையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும். ஒரு நாள் தண்ணீருக்கு வெளியே, சும்மா விளையாட்டுக்கு, பட்டறைக் கதவில் சுட்டார்கள். அரை அங்குல மாம்பலகையைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றது. சுப்புராஜ் கத்திய கத்தலில் அதோடு கரையில் சுடுவதை விட்டார்கள்.

இரண்டாவது ஸ்பிரிங் துப்பாக்கி. இரும்புக் குழாய்க்குள் பழைய மில் மெஷினிலிருந்து கழற்றிய ஸ்பிரிங். கம்பியைக் குழாய்க்குள் விட்டுத் தொடையில் ஊன்றி அமுக்கினால் கொக்கி பிடித்துக்கொள்ளும். முழங்கை நீளம்தான், குறுகலான பொந்துக்குள் திருப்ப வசதி. ஆனால் இழுவை, அதாவது கம்பி பாயும் வேகம், குறைவு. அமுக்கியே வைத்திருந்தால் ஸ்பிரிங் களைத்துப்போகும். களைத்த ஸ்பிரிங்கால் கெண்டையைக்கூட ஒழுங்காகக் குத்த முடியாது. வெளியே பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் தெரியாது, சத்தம்கூட அதே 'டங்'தான்.

மூன்றாவது காற்றுத் துப்பாக்கி. பித்தளைக் குழாயில் சைக்கிள் பம்பால் காற்றை அடைத்து அதன் வேகத்தில் கம்பியை விடுவது. இதுதான் எல்லாவற்றுக்கும் ராஜா என்றான் சிவனாண்டி. அந்த ராஜாதான் கிணற்றுப் படியில், எழுபதாவது தடவையாகப் பம்பை அழுத்தும்போது வெடித்தது. பித்தளை கிழிந்து இரண்டு விரல்களைச் சீவிக்கொண்டு போய்ப் பாறையில் அடித்தது. தனுஷ்கோடி கையைப் பார்த்தான், வலிக்கவில்லை, ரத்தம் மட்டும் படியில் ஓடித் தண்ணீரில் இறங்கியது. கீழே கெண்டைகள் அதைத் தின்ன மேலே வந்தன. சிவனாண்டி துண்டால் கையைக் கட்டி, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அறுபது படியும் ஓடி ஏறினான். சைக்கிளில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் மிதித்தான். வழியெல்லாம் தேம்பித் தேம்பி அழுதான். "என் கை போயிருக்கக் கூடாதா மாப்ள, என் கை போயிருக்கக் கூடாதா" என்று அவன் அழுததைத் தனுஷ்கோடி கடைசிவரை மறக்கவில்லை.

மறக்க முடியாத இன்னொன்றும் உண்டு. 1986இல் ஒரு நாள் வெள்ளத்தாய் ராஜபாளையத்துக்கு வந்து நின்றாள். தலையில் முக்காடு. முக்காட்டை விலக்கினால், இடது காதின் மடல் கிழிந்து தோட்டோடு தொங்குகிறது. குழம்பில் உப்புக் கூடிவிட்டதாம். தனுஷ்கோடி பட்டறைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய ஸ்பேனராக எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு மகாராஜபுரம் பஸ் ஏறினான். சிவனாண்டி மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து ரப்பருக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தனுஷ்கோடியின் முதல் அடி தோள்பட்டையில் விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் இருவருக்குமே கேட்டது. சிவனாண்டி மறு கையால் தேக்குக் கட்டையை எடுத்து வீசினான். தனுஷ்கோடியின் இரண்டு பல் போயிற்று. ஊர் வந்து பிரித்தபோது இருவரும் ஒருவர் முடியை ஒருவர் பிடித்தபடி வாய்க்காலில் கிடந்தார்கள்.

வெள்ளத்தாய் இருவரையும் ஏசினாள். "அவிய என்னைய அடிச்சா அது எனக்கும் அவியளுக்கும் உள்ளது. நான் ஒன்னைய அடிக்கவாலே சொன்னேன்? காதத் தச்சு விடுன்னு வந்தா, போயி புருசன் எலும்ப ஒடச்சுட்டு வந்து நிக்கான்" என்று தம்பியைத்தான் அதிகமாக ஏசினாள். தனுஷ்கோடிக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. கிழிந்த காதோடு நின்றுகொண்டு கிழித்தவனுக்கு வக்காலத்து வாங்குகிறாளே என்று. ஒரு வருஷம் போக்குவரத்து இல்லை. அப்புறம் ஒரு நாள் சிவனாண்டி எட்டுக் கிலோ விரால் ஒன்றைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்டபடி பட்டறைக்கு வந்தான். வாலின் நுனி தரையில் உரசிக்கொண்டிருந்தது. "ஒத்தக் கையால சுட்டேன் மாப்ள. தோளு இன்னம் சரியா வரல" என்றான். தனுஷ்கோடி டீ வாங்கிக் கொடுத்தான். அவ்வளவுதான் சமாதானம்.

சிவனாண்டியின் கிணறு தனிக் கிணறு இல்லை. அவனுக்கும் அவனுடைய சின்னய்யா மகன் சுந்தரபாண்டியனுக்கும் சரிபாதி. இரண்டு பேருக்கும் தனித்தனி மோட்டார், தனித்தனிக் குழாய். குழாயின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் புட்வால்வு எந்த ஆழத்தில் தொங்க வேண்டும் என்பதற்குப் பெரியவர்கள் காலத்திலேயே பாறையில் உளியால் கோடு வெட்டியிருந்தார்கள். கோட்டுக்குக் கீழே யாரும் இறக்கக் கூடாது. நல்ல வருஷத்தில் அந்தக் கோட்டை யாரும் நினைப்பதில்லை. மழை பொய்த்த வருஷத்தில் அந்தக் கோடுதான் பயிர், அந்தக் கோடுதான் சோறு. 1989 கோடையில் சுந்தரபாண்டியன் தன் குழாயில் நாலடித் துண்டு ஒன்றைச் சேர்த்துப் புட்வால்வைக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிட்டான். சிவனாண்டியின் மோட்டார் காற்றை உறிஞ்சிக் கனைத்தது, சுந்தரபாண்டியனுடையது தண்ணீர் கொட்டியது. சிவனாண்டியின் பருத்தி பூவோடு காய்ந்தது.

சிவனாண்டி ரம்பத்தோடு கிணற்றில் இறங்கி அந்த நாலடித் துண்டை அறுத்து எறிந்தான். மேலே ஏறி வந்தவனைச் சுந்தரபாண்டியன் மண்வெட்டிக் காம்பால் முதுகில் அடித்தான். சிவனாண்டி அவன் கையைக் கடித்துச் சதையைத் துப்பினான். ஊர் இரண்டு தடவை கூடிப் பேசியது. இரண்டு தடவையும் கூட்டத்திலேயே அடிதடி. மூன்றாம் வாரம், சிவனாண்டி காலையில் போய்ப் பார்த்தால் கிணறு முழுக்க வெள்ளை. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்தை யாரோ டப்பா டப்பாவாக ஊற்றியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, சுந்தரபாண்டியன்தான். சின்னதும் பெரியதுமாக நூற்றுக்கு மேற்பட்ட மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. குஞ்சுகளைக் காவல் காத்துக்கொண்டிருந்த தாய் விரால் ஒன்று செவுள் பிதுங்கி, இன்னும் சாகாமல், பாறையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. சிவனாண்டி பூச்சிமருந்துத் தண்ணீர் என்றும் பார்க்காமல் இறங்கி அதன் மண்டையில் கல்லைப் போட்டான்.

அதற்கு நாலாவது நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சிவனாண்டி பட்டறைக்கு வந்தான். சவரம் செய்திருந்தான். வெள்ளை வேட்டி. தனுஷ்கோடிக்கு அதுவே சரியாகப் படவில்லை.

"மாப்ள, ஒரு துப்பாக்கி வேணும்" என்றான்.

"ஒங்க துப்பாக்கி என்னாச்சு மச்சான்?"

"அது நீளம். எடுத்துட்டு நடந்தா ஊரே பாக்கும். கட்டையா ஒண்ணு வேணும். துண்டுக்குள்ள அடங்கணும்."

தனுஷ்கோடி சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்தான். மீன் சுடப் போகிறவன் துப்பாக்கியை எதற்கு மறைக்க வேண்டும்? அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. "முள்ளு வெச்ச கம்பியா?" என்று மட்டும் கேட்டான். மீன் நழுவாமல் இருக்கக் கம்பி முனையில் வைக்கும் மடக்கு முள்.

"முள்ளு வேண்டாம். ஊசி மாதிரி இருந்தாப் போதும்."

"கயிறு?"

"கயிறும் வேண்டாம்."

கம்பியையும் துப்பாக்கியையும் நைலான் கயிற்றால் பிணைத்திருப்பார்கள். கயிறு இல்லாவிட்டால், குத்துப்பட்ட விரால் கம்பியையும் இழுத்துக்கொண்டு பொந்துக்குள் போய் அங்கேயே அழுகும். இதைத் தனுஷ்கோடிக்குச் சொல்லிக் கொடுத்தவனே சிவனாண்டிதான். அவன் வாயாலேயே கயிறு வேண்டாம் என்கிறான்.

"மச்சான்" என்றான் தனுஷ்கோடி. "கெணத்துலதான் ஒரு மீனுகூட இல்லையே. எதச் சுடப் போறீக?"

சிவனாண்டி லேத்தின் மேல் கிடந்த இரும்புச் சுருள்களை விரலால் நெருடிக்கொண்டிருந்தான். விரலில் ரத்தம் கசிந்ததைக் கவனிக்கவில்லை. பிறகு, "ஒன்னால முடியலன்னா சொல்லு. வீட்ல அருவா இருக்கு. அருவான்னா கிட்டப் போகணும், அதான் யோசிக்கேன்" என்றான்.

தனுஷ்கோடிக்கு அக்காள் முகம்தான் முதலில் வந்தது. முடியாது என்று சொன்னால் இவன் நேராக வீட்டுக்குப் போய் அரிவாளை எடுப்பான். அரிவாளை எடுத்தவன் சும்மா திரும்பமாட்டான், அவனைப் பற்றித் தெரியாதா? ரப்பர் துப்பாக்கியைக் கொடுத்தால் சுந்தரபாண்டியன் செத்தான், இவன் தூக்குக்கோ ஆயுளுக்கோ போவான். போலீசுக்குச் சொல்லலாம். அக்காள் புருஷனைப் போலீசில் காட்டிக் கொடுத்தவன் என்ற பெயரோடு அவள் வாசலில் எப்படி நிற்பது? எப்படிச் சுற்றி வந்தாலும் வெள்ளத்தாயின் கழுத்துத் தாலியில்தான் வந்து நின்றது.

பட்டறையின் மூலையில் ஒரு ஸ்பிரிங் துப்பாக்கி கிடந்தது. ஒன்றரை வருஷமாக அமுக்கிய நிலையிலேயே கிடந்து களைத்துப்போனது. தண்ணீருக்குள் ஒரு முழத்துக்கு மேல் எதையும் செய்யாது. கரையில் ஆள் மீது பட்டால் தோலைக் கிழிக்கும், அவ்வளவுதான். தனுஷ்கோடிக்கு அந்த நிமிஷத்தில் அது கடவுளே எடுத்து நீட்டிய வழியாகப் பட்டது. துப்பாக்கியை நம்பினால் இவன் அரிவாளை வீட்டில் வைத்துவிட்டுப் போவான். சுடுவான், கம்பி போய்க் கீழே விழும். ஊர் கூடும், சிரிக்கும். அவமானத்தில் நாலு நாள் வீட்டில் கிடப்பான், ஆத்திரம் தணியும். யாரும் சாகமாட்டார்கள்.

"இதான் கட்டை. துண்டுக்குள்ள அடங்கும்" என்று எடுத்துக் கொடுத்தான்.

"இழுவை எப்படி?"

"துண்டுக்குள்ள அடங்கணும்னா ரப்பரு ஆகாது மச்சான். ரெண்டு மூணு அடியில ஸ்பிரிங்குதான் பேசும்" என்று கண்ணை ஏறெடுத்துப் பார்க்காமல் பொய் சொன்னான்.

சிவனாண்டி சோதித்துப் பார்க்கக் கேட்டான். பட்டறைக்குப் பின்னால் வெட்டிப் போட்ட வாழைமரம் ஒன்று கிடந்தது. தனுஷ்கோடி அதை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டடியில் நின்று சுட்டான். 'டங்'. கம்பி அரை முழம் உள்ளே போனது. வாழைமரத்தில் பென்சிலைக் குத்தினாலும் உள்ளே போகும். சிவனாண்டி கம்பியைப் பிடுங்கிப் பார்த்தான், முனையைக் கட்டை விரலால் தடவினான், முகம் தெளிந்தது. "நீ நல்லா இருப்படா" என்றான். துண்டில் சுற்றிக்கொண்டு போனான்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணிக்குச் சுந்தரபாண்டியன் கிணற்றில் இறங்கிப் புட்வால்வைச் சரிபார்த்துவிட்டுப் படியேறி வந்தான். சிவனாண்டி எட்டாவது படியில் நின்றிருந்தான். கையில் அரிவாள் இல்லை, தனுஷ்கோடி நினைத்த மாதிரியே வீட்டில் இருந்தது. மூன்றடித் தூரம். நெஞ்சுக்குக் குறிவைத்து விசையை இழுத்தான். கம்பி சுந்தரபாண்டியனின் நெஞ்செலும்பில் பட்டு, ஒரு விரல் அகலத்துக்குத் தோலைக் கிழித்து, படியில் விழுந்து உருண்டு தண்ணீரில் போனது. இரண்டு பேரும் அந்தக் கம்பி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றதாகக் கிணற்று மேட்டில் மாடு மேய்த்தவர் பிறகு சாட்சி சொன்னார்.

தனுஷ்கோடி ஒன்றை நினைக்கவில்லை. சண்டை நடக்கிற காலத்தில் சுந்தரபாண்டியன் மட்டும் வெறுங்கையோடா கிணற்றுக்கு வருவான்? படியோரத்துப் பொந்தில், களைந்த சட்டைக்கு அடியில், அவன் அரிவாள் இருந்தது. முதல் வெட்டு சிவனாண்டி துப்பாக்கி பிடித்திருந்த கையில். அந்தக் கை துப்பாக்கியோடு படியில் விழுந்தது. பிறகு கழுத்தில், முகத்தில், முதுகில். சிவனாண்டி ஓடவில்லை. ஒற்றைக் கையால் அவன் மென்னியைப் பிடிக்கப் பார்த்தான். பதினான்கு வெட்டு. கடைசி ஐந்தும் செத்த பிறகு விழுந்தவை என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்னது. எட்டாவது படியிலிருந்து தண்ணீர் வரைக்கும் ரத்தம் வழிந்து கிடந்தது. அதைக் கழுவ ஆள் இல்லாமல், அடுத்த மழைக்குத்தான் போயிற்று.

தனுஷ்கோடி போய்ச் சேர்ந்தபோது வெள்ளத்தாய் துண்டான கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போலீசுக்காரர் கேட்டும் கொடுக்கவில்லை. தம்பியைப் பார்த்ததும், "ஏலே, இந்தக் கையி என்னைய எம்புட்டு அடிச்சிருக்கு தெரியுமா" என்றாள். அழவில்லை. தனுஷ்கோடிதான் மண்ணில் விழுந்து கதறினான்.

வழக்கு இரண்டு வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடந்தது. சுந்தரபாண்டியனின் வக்கீல் ஒரே ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டார். துப்பாக்கியோடு வந்தவன் சிவனாண்டி, முதலில் சுட்டவனும் அவன், உயிருக்குப் பயந்து இவன் வெட்டினான். அரசு வக்கீல் தனுஷ்கோடியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அந்தத் துப்பாக்கி ஆளைக் கொல்லும்னு நீ சொல்லிட்டா அவன் வெளிய வந்துருவான். கொல்லாதுன்னு சொன்னா உள்ள போவான். எப்படியும் உன்னைக் கூண்டுல ஏத்துவாங்க."

தனுஷ்கோடி மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கொல்லாது என்று சொன்னால் மட்டும் போதாது, எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரிந்தே செத்த துப்பாக்கியைக் கொடுத்தேன் என்று அக்காள் காது கேட்கச் சொல்ல வேண்டும். கொல்லும் என்று சொன்னால் அந்தப் பாவம் வெளியே வராது, ஆனால் பதினான்கு வெட்டு வெட்டினவன் மாலை போட்டுக்கொண்டு ஊருக்குப் போவான். இருப்பது ஒரே அக்காள். அவளும் இல்லையென்றால் தனக்கென்று யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

கூண்டில் ஏறினான். மேஜை மேல் அந்தத் துப்பாக்கி, அட்டை கட்டி, சிவப்பு அரக்கு முத்திரையோடு கிடந்தது. வெள்ளத்தாய் பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இதைச் செய்தது நீதானே?" என்று சுந்தரபாண்டியனின் வக்கீல் கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"நீ செய்த துப்பாக்கி ஒன்று அரை அங்குலப் பலகையைத் துளைத்திருக்கிறது. உண்மையா?"

"அது ரப்பரு. இது ஸ்பிரிங்கு."

"ஏதோ ஒன்று. இது மட்டும் ஆளைக் கொல்லாது என்று உனக்கு எப்படித் தெரியும்? சுட்டுப் பார்த்தாயா?"

தனுஷ்கோடி அக்காளைப் பார்த்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் சுந்தரபாண்டியன், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, இலேசாகச் சிரித்த மாதிரி நின்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தனுஷ்கோடிக்கு மண்டைக்குள் ஏதோ ஏறியது.

"கொல்லாதுன்னு தெரிஞ்சுதான்யா குடுத்தேன்" என்று கத்தினான். "ஸ்பிரிங்கு செத்துப்போச்சு. ஒன்றரை வருசமா செத்துக் கெடந்துச்சு. எங்க மச்சான் கொலைகாரனா ஆயிரக் கூடாதுன்னு, வேணும்னே எடுத்துக் குடுத்தேன். வாழமரத்துல சுட்டுக் காமிச்சு ஏமாத்துனேன்."

கூண்டை விட்டு இறங்கியபோது வெள்ளத்தாய் இருந்த இடம் காலியாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்த்தான். ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் நின்றிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான். திட்டுவாள் என்று நினைத்தான், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அவள், "பஸ்ஸு வருது, வா" என்றாள்.

சுந்தரபாண்டியனுக்குப் பத்து வருஷம் தண்டனை. தனுஷ்கோடி மாதம் ஒரு தடவை மகாராஜபுரம் போவான். மோட்டாரைக் கழற்றி மாட்டுவான், கூரைக்கு ஓடு மாற்றுவான். வெள்ளத்தாய் சோறு போடுவாள், வேண்டுமென்ற மட்டும் போடுவாள். மழை, பருத்தி விலை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் பேசுவாள். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அக்காள் புரிந்துகொண்டாள் என்று தனுஷ்கோடி மெதுவாக நம்பத் தொடங்கினான். 'எல்லாரையும் காப்பாத்தப் பாத்தேன், ஒருத்தனத்தான் முடியல' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவும் பழகிவிட்டான். மீன் சுடுவதை மட்டும் அறவே விட்டான்.

1998இல், தை மாதம். அன்றைக்கு அவன் அக்காள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பம்பு வாஷரை வெட்டிக்கொண்டிருந்தான். வெள்ளத்தாய் மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பத்தரை மணி பஸ் வந்து நின்றது. கையில் ஒரு ரெக்ஸின் பையோடு நரைத்த ஆள் ஒருவர் இறங்கினார். சுந்தரபாண்டியன். நன்னடத்தைக்காக முன்கூட்டியே விட்டிருந்தார்கள். எதிர்சாரி வீட்டிலிருந்து அவன் பொண்டாட்டி முத்தாத்தாள் தலைமுடி அவிழ ஓடி வந்தாள். நடுத்தெரு என்றும் பார்க்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். தெருவே வேடிக்கை பார்த்தது. பிறகு இருவரும் வீட்டுக்குள் போனார்கள்.

தனுஷ்கோடியின் கை கத்தியை இறுக்கிப் பிடித்திருந்தது. "நாயி, தலைய நிமுத்திக்கிட்டு வருதான் பாரு" என்றான்.

வெள்ளத்தாய் கிள்ளிய காம்புகளை முறத்தின் ஒரு ஓரத்தில் ஒதுக்கினாள். தம்பியைத் திரும்பிப் பார்க்காமல், நிதானமாகச் சொன்னாள்.

"நீ அன்னைக்கு நல்ல துப்பாக்கியக் குடுத்திருந்தா, இன்னைக்கு இந்த பஸ்ஸுல அவிய வந்து எறங்கியிருப்பாக."